மீதிக் கிணறு

எலெக்ட்ரிக் கிடார் வாங்குவது பாதிக் கிணறு தாண்டுகிற சமாசாரம். கடையில் பளபளவென்று தொங்குவதைப் பார்த்து மயங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு ஸ்டைலாக ஒரு தட்டு தட்டினால், 'டிங்' என்று ஈனஸ்வரத்தில் ஒரு சத்தம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது.

காரணம் எளிது. அந்தக் கிடாருக்கு வயிறு கிடையாது. வீணைக்குக் குடம் உண்டு. சாதா கிடாருக்குக் கூடு உண்டு. இதற்கு வெறும் பலகை. கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். பிக்கப் என்பார்கள். கம்பி அதிர்ந்தால் சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியை வாங்கி, வளர்த்து, ஆளாக்கி, ஸ்பீக்கரை ஆட்டிவைக்கிற பெட்டிக்குப் பெயர் ஆம்ப்ளிஃபயர். வாசிக்கிறவர்கள் செல்லமாக ஆம்ப் என்கிறார்கள். அதுதான் மீதிக் கிணறு.

எனக்கும் கிடாருக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. நான் படித்தது பி.காம். என் அக்கா மகன் வேறு ரகம். வயது 24. தமிழ்நாட்டு சம்பிரதாயப்படி முதலில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, அப்புறம்தான் என்ன செய்யலாம் என்று யோசித்தவன். யோசித்து, கிடார் என்று முடிவு செய்தான். சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு. சனிக்கிழமை ஏதாவது காபி கடையில் நாலு பேர் கோஷ்டியாக வாசிப்பு. ஞாயிறு காலை ஒரு சர்ச். முகூர்த்த மாதங்களில் ரிசப்ஷன் கச்சேரி. பிழைப்பு ஓடுகிறது என்று அவன் சொல்வான். 'ஓடுறது, ஆனா எங்கே போய்ச் சேரும்னு தெரியலை' என்று அத்தான் சொல்வார்.

அத்தான் மின் வாரியத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். இன்றைக்கும் வரவு செலவு நோட்டு எழுதுகிற அபூர்வப் பிறவி. கறிவேப்பிலைகூடத் தனி வரி. பையன் சர்க்கார் பரீட்சை எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. கிடார் என்ற சொல்லையே அவர் வாயால் உச்சரித்து நான் கேட்டதில்லை. 'அது' என்பார். 'அதை வெச்சுக்கிட்டு அவன் ரூமுக்குள்ள இருக்கான்.'

பழைய ஆம்ப் ஒருநாள் புகைந்து போனது. பையன் எட்டு மாதமாகச் சேர்த்த 25,000 ரூபாய் கையில் இருந்தது. எனக்கு போன் வந்தது.

"மாமா, நீங்க காமர்ஸ் ஆளு. நீங்க கூட வந்து வாங்கினதுன்னா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்."

ஆக, என் தகுதி என் டிகிரி.

*

காமர்ஸ் ஆளுக்கும் ஆம்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. உலகத்தில் அதிகப் பேர் ஆசைப்பட்டு வாங்குகிற கிடார், ஆம்ப் பிராண்டுகளில் ஒன்று ஃபெண்டர். அதை ஆரம்பித்த லியோ ஃபெண்டர் கல்லூரியில் படித்தது அக்கவுன்டிங். கலிஃபோர்னியாவில் கணக்குப்பிள்ளையாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் வேலை போனது. சின்ன வயதிலிருந்தே ரேடியோ நோண்டுகிற பழக்கம் இருந்ததால், 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். ரிப்பேருக்கு வந்த இசைக்காரர்களின் ஆம்ப்களைப் பார்த்து, இதைவிட நன்றாக நாமே செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. 1965-ல் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். கடைசிவரை அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது!

லண்டனில் இன்னொருவர், ஜிம் மார்ஷல். அவர் டிரம்ஸ் வாசிப்பவர், டிரம்ஸ் வாத்தியார். கடைக்கு வந்த பையன்கள், இறக்குமதி ஆம்ப் விலை கட்டுப்படியாகவில்லை என்று புலம்பினார்கள். ஃபெண்டரின் ஒரு மாடலைப் பார்த்து, அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் கடையிலேயே ஒன்று தயாரானது. அதுதான் முதல் மார்ஷல் ஆம்ப்.

இரண்டு பேருமே கிடார் கலைஞர்கள் இல்லை. வாசிக்கிறவன் சொல்வதைப் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்டவர்கள். இது எனக்குப் பெரிய தெம்பைக் கொடுத்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அத்தான் கையில் செய்தித்தாள். அதாவது, அவர் கூட்டத்தில் இல்லை. ஆனால், எல்லாம் கேட்கும்.

*

முதல் தகராறு வாட்டில் வந்தது.

"100 வாட் இருந்தா நல்லாருக்கும் மாமா."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல். "ரெண்டரை டியூப்லைட்டு."

ஆம்ப் வாங்கப் போகிற முக்கால்வாசிப் பேர் வாட்டைத்தான் பார்க்கிறார்கள். அரிசி மூட்டைக்குக் கிலோ மாதிரி. ஆனால் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். 'கொஞ்சம் ஏத்திட்டாங்க போலிருக்கே' என்று உணர்கிற அளவு, அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காகக் காதில் விழ வேண்டுமானால், வாட் கிட்டத்தட்ட பத்து மடங்காக வேண்டும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் விலையில் இருக்கிற தூரம் சத்தத்தில் இல்லை.

இன்னொரு விஷயம், ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்று ஸ்பீக்கருக்கு ஒரு கணக்கு உண்டு. 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்ப்பின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். நல்ல 12 இன்ச் ஸ்பீக்கர் போட்ட 30 வாட் பெட்டி, சுமாரான 8 இன்ச் ஸ்பீக்கர் போட்ட 60 வாட் பெட்டியோடு மல்லுக்கு நிற்கும். ஆனால், விளம்பர நோட்டீஸில் வாட் கொட்டை எழுத்தில் இருக்கும். ஸ்பீக்கர் சமாசாரம் எறும்பு எழுத்தில்கூட இருக்காது.

அப்புறம், எங்கே வாசிக்கப் போகிறோம் என்பது. பெரிய மேடையில் ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைத்துவிடுவார்கள். சபைக்குப் போகிற சத்தம் மேடைக்காரரின் ராட்சஸ ஸ்பீக்கரிலிருந்து போகும். கிடார்காரனின் ஆம்ப் அவன் காதுக்கு மட்டும். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பல பேர் அந்த ஆம்ப்கூட இல்லாமல், காலடியில் ஒரு புராசஸரை வைத்து நேராக மிக்ஸரில் சொருகிவிடுகிறார்கள். இவனுக்கு அது போதாது. காபி கடையில் மிக்ஸரும் கிடையாது, மேடையும் கிடையாது. டேபிள் நாலைத் தள்ளிப்போட்டால் அதுதான் மேடை. வகுப்புக்கும் ஒரு பெட்டி வேண்டும்.

வீட்டில் பிராக்டீஸ் என்றால் இன்னும் குறைவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி சொல்கிறது. 45 டெசிபல் என்பது கிட்டத்தட்ட ரகசியம் பேசுவது. அதற்கு 100 வாட் எதற்கு? ஹெட்போன் துவாரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

காதும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிஷம். மூடிய ரூமுக்குள் ஒரு நல்ல ஆம்ப் 100 டெசிபலைச் சர்வ சாதாரணமாகத் தொடும். காதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

"அப்ப முப்பதிலேர்ந்து அம்பது வாட். பன்னெண்டு இன்ச் ஒண்ணு. ஹெட்போன். மிக்ஸருக்கு ஒரு லைன் அவுட்" என்று பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

"எடை?" என்றேன். ஸ்கூட்டரில்தானே போகிறான். ஃபெண்டரின் ட்வின் ரிவர்ப் மாதிரிப் பெட்டிகள் 29 கிலோ. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போக முடியாது. 12 கிலோவுக்குள் என்று எழுதினோம்.

*

இரண்டாவது தகராறு ஜாதி.

ஆம்ப்பில் மூன்று ஜாதி. முதலாவது வால்வு. அந்தக் காலத்து ரேடியோவில், ஸ்விட்ச் போட்டால் உள்ளே குட்டி விளக்கு மாதிரி எரிந்து, சூடேறி, ஒரு நிமிஷம் கழித்து இலங்கை வானொலி பேசுமே, அதே வால்வுதான். ரேடியோவில் ஒழிந்துபோன வால்வு, கிடார் ஆம்ப்பில் மட்டும் இன்றைக்கும் ராஜா. இரண்டாவது டிரான்சிஸ்டர். மூன்றாவது, உள்ளே கம்ப்யூட்டர் சில்லை வைத்து, வால்வு மாதிரியும் இன்னும் பத்து விதமாகவும் மிமிக்ரி செய்கிற டிஜிட்டல் ஜாதி.

வால்வின் மகிமை என்ன தெரியுமா? அது அழகாகத் தோற்கும். தாங்குகிற அளவுக்கு மேல் சத்தத்தை ஏற்றினால் டிரான்சிஸ்டர் வெடுக்கென்று அறுக்கும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரக்கும். அந்தக் கரகரப்பில் மூலச் சுரத்தோடு மேல் சுரங்களும் சேர்ந்து பிறக்கும். டிஸ்டார்ஷன் என்பது அதைத்தான்.

ஆரம்பத்தில் அது குறையாகத்தான் இருந்தது. 1951-ல் அமெரிக்காவில் ஒரு பாட்டுப் பதிவுக்குப் போகிற வழியில் ஆம்ப் அடிபட்டது. கரகரவென்று வந்த சத்தத்தோடேயே பதிவு செய்தார்கள். 'ராக்கெட் 88' என்ற அந்தப் பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. 1964-ல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் அந்தக் கரகரப்புக்காகவே தன் குட்டி ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்தார்.

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றினால் நம் தம்புராவைப் பாருங்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு சின்ன நூல் போடுகிறோமே, ஜீவாளி, அது எதற்கு? சுத்தமான ஓசையைக் கொஞ்சம் கலங்கடித்து, ரீங்காரம் எழுப்பத்தானே? பெயரே ஜீவன் என்று வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் பிளேடை எடுத்தான். நாம் நூலோடு நின்றோம்.

அதே சமயம் எல்லாருக்கும் கரகரப்பு வேண்டியதில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையிலிருந்ததும் எலெக்ட்ரிக் வாத்தியம்தான். கமகம் துல்லியமாகக் கேட்க வேண்டுமானால், ஆம்ப் வாயைத் திறக்காமல் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். 1975-ல் வந்த ரோலண்ட் ஜே.சி.120 சுத்தமான டிரான்சிஸ்டர் பெட்டி. அந்த ஒரு குணத்துக்காகவே பெயர் வாங்கியது. ஆகவே, டிரான்சிஸ்டர் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"உள்ள என்ன வால்வு போடுவாங்க?" என்றது செய்தித்தாள்.

பையன் திரும்பிப் பார்த்தான். "ஒவ்வொண்ணுல ஒண்ணு. வாக்ஸ்னு ஒரு கம்பெனி. அதோட ஏசி 30-ல நாலு இஎல் 84."

செய்தித்தாள் இறங்கியது. "இஎல் 84-ஆ? அது ரேடியோ வால்வுடா. ஸ்கூல் லீவுல ரேடியோ ரிப்பேர் கடையில எடுபிடியா இருந்தேன். எத்தனை மாத்தியிருக்கேன்! உள்ள முந்நூறு வோல்ட் நிக்கும். ஸ்விட்ச்சை அணைச்சாலும் கண்டன்சர்ல மிச்சம் இருக்கும். கைய வெச்சா தூக்கிப் போட்டுடும்."

அப்பாவும் பிள்ளையும் ஒரே பொருளைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஆனால் 25,000 ரூபாய்க்கு வால்வு சரிப்படாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. புதிதாக நல்ல வால்வு ஆம்ப் இந்த பட்ஜெட்டைத் தாண்டி ஓடுகிறது. வால்வு தேயும், மாற்ற வேண்டும். தவிர, அதன் நிஜ அழகு சத்தத்தை ஏற்றினால்தான் வரும். வில்லிவாக்கத்துச் சந்தில் அதை ஏற்றினால் அழகு வருவதற்கு முன் போலீஸ் வரும்.

*

மூன்றாவது தகராறுதான் நிஜமான தகராறு.

எங்கள் உறவுக்காரர் ஒருவர் நியூஜெர்ஸியில் இருக்கிறார். டிசம்பரில் வரும்போது வாங்கி வரட்டுமா என்று கேட்டிருந்தார். அங்கே விலை மலிவு. அத்தான் கையை ஆட்டினார். "அங்கே 120 வோல்ட். இங்கே 230. சொருகினா அன்னிக்கே காரியம் முடிஞ்சுது." ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் அது தனி எடை, தனிச் செலவு. இங்கே வாரன்ட்டியும் கிடைக்காது.

செகண்ட் ஹேண்ட்? ரிச்சி தெருவிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் இரண்டு மூன்று பார்த்தோம். செகண்ட் ஹேண்ட் ஆம்ப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. எல்லாத் திருகுகளையும் மெதுவாகச் சுழற்ற வேண்டும். கரகர என்றால் கடற்கரைக் காற்று உள்ளே குடியிருக்கிறது. ஒயரைச் சொருகி லேசாக ஆட்ட வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு முகர்ந்து பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் தீய்கிற வாசனை வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் ஒன்று நன்றாகவே இருந்தது. விலையும் பாதி. பையனுக்குப் பிடித்துவிட்டது. ஆனால், அதன் பிளக்கில் மூன்றாவது பின், அந்தத் தடியான பின், இல்லை. யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

"அது ஒண்ணுமில்லை மாமா. எர்த் பின்ன எடுத்துட்டா 'உம்'முனு வர்ற சத்தம் போயிடும். நிறைய பேர் பண்றதுதான். என் பழைய ஆம்ப்லயும் கிடையாது. மைக்குல பாடறப்ப உதட்டுல சுருக்குனு லேசா அடிக்கும். பழகிடும்."

வீட்டுக்கு வந்து அவன் இதை எங்களிடம் சாதாரணமாகச் சொன்னான். 'இன்னிக்கு வெயில் ஜாஸ்தி' என்று சொல்கிற தொனியில். அத்தான் முகம் மாறியதை நான் பார்த்தேன். சத்தம் போடவில்லை. எழுந்து உள்ளே போனார்.

விஷயம் இதுதான். கிடாரின் கம்பிகள், அதன் உலோகப் பாலம் வழியாக, ஒயரின் மேல் வலை வழியாக, ஆம்ப்பின் தகரச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. சட்டம் மூன்றாவது பின் வழியாகப் பூமியோடு இணைந்திருக்க வேண்டும். இருந்தால், உள்ளே எங்காவது மின்சாரம் கசிந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும். அந்தப் பின்னை வெட்டினால், கசிவு கம்பியில் வந்து காத்திருக்கும். இடது கை கம்பியில் இருக்கிறது. உதடு மைக்கைத் தொடுகிறது. மைக் வேறு பெட்டி வழியாக ஒழுங்காக எர்த் ஆகியிருக்கிறது. நடுவே மின்சாரம் ஓட ஒயர் எது? வாசிக்கிறவன்.

1972-ல் வேல்ஸில் ஸ்வான்ஸி நகரத்து மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மைக்கைத் தொட்டார். எர்த் சரியில்லை. அங்கேயே போனார். 1976-ல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது அதே மாதிரி இறந்தார். சுருக் என்று அடிப்பது பழக்கம் அல்ல, எச்சரிக்கை.

உள்ளே போன அத்தான் ஒரு ஹோல்டரில் பல்பும் இரண்டு ஒயரும் தொங்கத் திரும்பி வந்தார். டெஸ்ட் லாம்ப். பையன் ரூமில் இருந்த பிளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார். பல்ப் எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார். இருட்டு. கூடத்தில் வைத்தார். இருட்டு. எழுபதுகளில் கட்டிய வீடு. எர்த் ஒயர் எங்கோ மண்ணுக்குள் மக்கிப் போயிருந்தது. மூன்றாவது பின் இருக்கிற ஆம்ப் வாங்கி வந்திருந்தாலும் இந்த வீட்டில் அது அலங்காரப் பின்தான்.

அத்தான் கட்டிலில் உட்கார்ந்தார். "முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ். கம்பத்துல ஏறி கீழ வராதவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். எல்லாம் பழகினவங்கதான்" என்றார். பையன் பதில் சொல்லவில்லை. எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

(இந்தக் கட்டுரையைப் படிக்கிற கிடார் வீட்டுக்காரர்களுக்கு: நீங்கள் பல்ப் வைத்துச் சோதிக்க வேண்டாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அத்தானுக்குத் தொழில் அது.)

*

அண்ணா சாலைக் கடைக்கு மூன்று பேராகப் போனோம். அத்தானை யாரும் கூப்பிடவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

ஆம்ப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பையன் சொல்லித் தந்த சில விதிகள்:

கடைக் கிடாரில் வாசித்துப் பார்க்கக் கூடாது. நம் கிடாரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடையின் 80,000 ரூபாய்க் கிடாரில் எந்தப் பெட்டியும் தேவகானம்தான்.

உட்கார்ந்து, நம் காது மட்டத்தில் பெட்டியை வைத்துக் கேட்க வேண்டும். காலடியில் இருக்கிற ஸ்பீக்கர் முழங்காலுக்குத்தான் வாசிக்கும்.

குறைந்த சத்தத்திலும் கேட்க வேண்டும், மேடைச் சத்தத்திலும் கேட்க வேண்டும். சத்தம் குறையும்போது மனிதக் காதுக்கு அடி ஓசையும் கீச்சு ஓசையும் குறைவாகக் கேட்கும். 1933-லேயே ஃப்ளெச்சர், மன்சன் என்ற இரண்டு பேர் அளந்து சொன்ன விஷயம். வீட்டில் மெதுவாக வைத்து பாஸைக் கூட்டி ரசித்த அதே செட்டிங், மேடையில் தொம் தொம் என்று பாறை உருட்டும்.

40 வித ஓசை இருக்கிறது, 60 வித ஓசை இருக்கிறது என்பதில் மயங்கக் கூடாது. நல்ல சுத்தமான ஓசை ஒன்று, நல்ல கரகரப்பு ஒன்று. இரண்டும் தேறினால் மீதியெல்லாம் கல்யாணப் பந்தியில் வைக்கிற பத்தாவது கூட்டு.

நான்கு பெட்டி போட்டுக் காட்டினார்கள். பையன் ஒவ்வொன்றிலும் அதே இளையராஜா பாட்டை வாசித்தான். அத்தான் ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து பிளக்கைப் பார்த்தார். கடைக்காரப் பையன் என்னைப் பார்த்தான். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

"இதை ஹோம் தியேட்டர்லயே சொருகிட்டா என்னப்பா?" என்றார் அத்தான் கடைக்காரரிடம். நியாயமான கேள்வி. நிறைய அப்பாக்கள் கேட்கிற கேள்வி. கிடார் ஸ்பீக்கர் கிட்டத்தட்ட 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியே விடாது. அந்தத் தடுப்புதான் கரகரப்பை இனிப்பாக்குகிறது. ஹோம் தியேட்டர் எல்லாவற்றையும் உள்ளபடி கொட்டும். கரகரப்பு, பாட்டிலுக்குள் மாட்டிய குளவி மாதிரி கேட்கும்.

மூன்றாவது பெட்டியில் பையன் வாசித்துக்கொண்டே கண்ணை மூடினான். டிஜிட்டல் ஜாதி. 40 வாட். 12 இன்ச் ஒன்று. தூக்கிப் பார்த்தேன், நானே தூக்க முடிந்தது. பிராண்டு பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்பதால் சொல்லவில்லை. தவிர, உங்கள் காதுக்கு வேறு பிடிக்கலாம்.

விலை 19,400. பையன் தயங்கினான். இங்கேதான் என் பி.காம். பயன்பட்டது. அஞ்சு வருஷம் உழைக்கும் என்று வை. வருஷத்துக்கு 200 நாள் வாசிப்பாய். ஆயிரம் தடவை. ஒரு தடவைக்கு 20 ரூபாய்க்கும் குறைவு. ஒரு டீயும் ஒரு வடையும்கூட அந்தக் காசுக்கு இன்றைக்கு வராது. இதே கணக்கை 100 வாட்டுக்குப் போட்டால் வராது, ஏனென்றால் அதைத் தூக்கிக்கொண்டு நீ 200 நாள் எங்கேயும் போக மாட்டாய். முழுசாக உபயோகிக்கிற பொருள்தான் மலிவான பொருள். இதை எங்கள் காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியார் வேறு வார்த்தையில் மூன்று வருஷம் சொன்னார்.

அத்தான் கடைக்காரரிடம் கேட்ட கடைசிக் கேள்வி: "பின்ன வெட்டாம 'உம்' சத்தத்தைக் குறைக்க என்ன வழி?" ஆம்ப்பையும் மற்ற பெட்டிகளையும் ஒரே பாயின்ட்டிலிருந்து எடுக்கலாம். ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் பக்கம் போகாமல் தள்ளி உட்காரலாம். கரன்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஓடினால் 'உம்' வரத்தான் செய்யும், அப்போது வாசிக்காமல் டீ குடிக்கலாம். அத்தான் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் பெட்டி அவர் மடியில் இருந்தது.

*

அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து பையன் வருவதற்குள் வீட்டின் பின்பக்கம் குழி வெட்டியாகிவிட்டது. பழைய சக ஊழியர் ஒருவரும் அத்தானுமாக, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, எல்லா ரூமுக்கும் புது எர்த் ஒயர் இழுத்து, சாயங்காலம் பல்பை வைத்தார்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்ப் ஜம்மென்று எரிந்தது.

நான் கணக்கு எழுத உட்கார்ந்தேன். ஆம்ப் 19,400. நல்ல ஒயர் இரண்டு, 1,300. ஸ்பைக் கார்டு 450. எர்த் வேலை 3,200. மொத்தம் 24,350. பட்ஜெட்டுக்குள் அடங்கிவிட்டது, மீதி 650-க்குக் கம்பி வாங்கிக்கொள்ளலாம் என்று பையனிடம் சொன்னேன்.

அத்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "எர்த்தை ஏன் அவன் கணக்குல எழுதறே? அது வீட்டுச் செலவு" என்று சொல்லிவிட்டுத் தன் நோட்டை எடுத்தார்.

எர்த் குழி, 3,200 என்று எழுதினார். அவர் நோட்டில் ஒவ்வொரு செலவுக்கும் எதிரே, எதற்காக என்று ஒரு கட்டம் உண்டு. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதையும் நிரப்பினார். எட்டிப் பார்த்தேன்.

'ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், கிடார்.'